எண்ணூறும் எழுதப்படாத ஓட்டங்களும்

முத்தையா முரளிதரன் பெரியவரா, ஷேன் வோர்ன் பெரியவரா? மகாதேவ சதாசிவம் நமது காலத்தில் ஆடியிருந்தால் குமார் சங்கக்காரவுக்கு இணையாக நின்றிருப்பாரா? கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் நாலுபேர் கூடினால் இந்தக் கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. பேச்சு சூடேறியதும் யாராவது ஒருவர் எண்களை எடுத்து வைப்பார். அத்துடன் விவாதம் முடிந்தது என்று ஒரு தரப்பு நினைக்கும். இனித்தான் தொடங்குகிறது என்று மறு தரப்பு நினைக்கும்.

பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஸ்கோர்ப் பட்டியல்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு எண்கள்மீது மரியாதை உண்டு. வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை எண்களால் ஒப்பிடுவது எப்படி, அந்த ஒப்பீடு எங்கே இடறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு இதே கேள்வியை முள்ளிவாய்க்காலில் நின்று கேட்டுப் பார்ப்போம். அங்கு நிற்கும்போது கேள்வியே வேறொன்றாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

மூன்று பந்துவீச்சாளர்கள்

இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 1901 முதல் 1914 வரை 27 டெஸ்ட் ஆட்டங்களில் 189 விக்கெட்டுகளைச் சராசரி 16.43 என்ற கணக்கில் வீழ்த்தினார். ஷேன் வோர்ன் 1992 முதல் 2007 வரை 145 ஆட்டங்களில் 708 விக்கெட்டுகள், சராசரி 25.41. முரளிதரன் 1992 முதல் 2010 வரை 133 ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள், சராசரி 22.72. மொத்தத்தைப் பார்த்தால் முரளி முதல்வர். சராசரியைப் பார்த்தால் பார்ன்ஸ். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தாலும் பார்ன்ஸ்தான்: அவருக்கு 7, முரளிக்கு 6, வோர்னுக்கு 5க்குச் சற்றுக் குறைவு.

முரளியை மட்டந்தட்ட விரும்புவோர் உடனே ஒன்றைச் சொல்வார்கள். அவரது 800இல் 176 விக்கெட்டுகள் பங்களாதேஷ், சிம்பாப்வே என்னும் இரண்டு பலவீனமான அணிகளிடம் 25 ஆட்டங்களில் பெற்றவை. வோர்ன் அந்த அணிகளிடம் 3 ஆட்டங்களில் 17 விக்கெட்டுகள் மட்டுமே எடுத்தார். இது உண்மை. ஆனால் இதே அளவுகோலைப் பார்ன்ஸுக்கும் வைக்க வேண்டுமல்லவா? அவர் காலத்துப் பலவீனமான அணி தென்னாபிரிக்கா. பார்ன்ஸின் 189இல் 83 விக்கெட்டுகள் அந்த ஒரே அணியிடம், 7 ஆட்டங்களில், சராசரி 9.85 என்ற கணக்கில் பெற்றவை. அதாவது பார்ன்ஸின் அறுவடையில் 44 சதவீதம் பலவீனமான எதிரணியிடமிருந்து வந்தது. முரளிக்கு அந்தப் பங்கு 22 சதவீதம்.

இரண்டு பேரிடமிருந்தும் அந்த விக்கெட்டுகளைக் கழித்துவிடுவோம். பார்ன்ஸுக்கு எஞ்சுவது அவுஸ்திரேலியாவுக்கு எதிரான 20 ஆட்டங்களில் 106 விக்கெட்டுகள், சராசரி 21.58. முரளிக்கு எஞ்சுவது 108 ஆட்டங்களில் 624. சராசரி ஏறத்தாழ 24.9. ஓர் ஆட்டத்துக்கான கணக்கில் இப்போது முரளி 5.8, பார்ன்ஸ் 5.3. தராசு சாய்ந்த பக்கம் மாறிவிட்டது. பார்ன்ஸ் காலத்தில் ஆடுகளங்களை மழைக்கு மூடிவைக்கும் வழக்கம் இல்லை. நனைந்து காயும் மண்ணில் பந்து செய்த வேலையையும் சேர்த்துக்கொண்டால் சராசரியில் உள்ள மீதி வித்தியாசமும் சுருங்கும்.

முரளியின் அன்பர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 6 விக்கெட், வோர்னுக்கு 5கூட இல்லை என்று அவர்கள் மார்தட்டுவார்கள். முரளி வீசிய பந்துகள் 44,039. வோர்ன் வீசியவை 40,705. ஓர் ஆட்டத்துக்கு முரளி 331 பந்து வீசினார், வோர்ன் 281. வோர்னுக்கு மறுமுனையில் 563 விக்கெட்டுகள் எடுத்த கிளென் மக்ராத் நின்றார். முரளிக்குத் துணை நின்றவர் 355 விக்கெட்டுகள் எடுத்த சமிந்த வாஸ். விக்கெட் எடுக்க வேறு ஆள் குறைவாக இருந்ததால் பந்து முரளியின் கைக்கே திரும்பத் திரும்ப வந்தது. பந்துகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் முரளிக்கு 55 பந்துக்கு ஒரு விக்கெட், வோர்னுக்கு 57.5 பந்துக்கு ஒன்று. பெரிய மலையாகத் தெரிந்த வித்தியாசம் சிறிய மேடாகிவிட்டது. அதிலும் முரளியின் 493 விக்கெட்டுகள் சொந்த நாட்டு மண்ணில் 73 ஆட்டங்களில் எடுத்தவை என்பதை வோர்ன் தரப்பு நினைவூட்டும்.

இந்தச் சிக்கல் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் அங்குள்ள உதைபந்தாட்டத்தில் இதே வழக்கை நடத்துகிறார்கள். அந்த ஆட்டத்தில் பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். 1956 முதல் 1973 வரை ஆடிய ஜொனி யுனைட்டஸ் எறிந்து சேர்த்த தூரம் 40,239 யார். 2022ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓய்வு பெற்ற டொம் பிரேடி சேர்த்தது 89,214 யார். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் யுனைட்டஸ் தொடங்கியபோது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள்தான்; 1978இல் அது 16 ஆனது, 2021இல் 17. அதே 1978இல், பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்போர் தொடக்கூடிய எல்லையும் குறைக்கப்பட்டது, எறிவது எளிதாயிற்று. தொடர்ந்து 47 ஆட்டங்களில் புள்ளி பெற்றுத்தரும் எறிதல் ஒன்றையாவது நிகழ்த்திய யுனைட்டஸின் சாதனையோ 1960 முதல் 2012 வரை முறியடிக்கப்படாமல் நின்றது.

ஆகவே கணக்கு அறிந்தவர்கள் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஒருவரை வேறு காலத்து ஒருவரோடு நேருக்கு நேர் வைக்காமல், அவரவர் காலத்துச் சக ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று அளப்பது. டொன் பிரட்மனின் 99.94 இன்றும் வியப்பூட்டுவது இதனால்தான். நீண்ட காலம் ஆடிய மற்ற மேதைகள் 60ஐ ஒட்டியே நிற்க, அவர் மட்டும் 100ஐ எட்டிப்பார்த்தார். எந்தக் காலத்து அளவுகோலை வைத்தாலும் அந்த இடைவெளி மறைவதில்லை.

இருபது யார் ஆடுகளம்

பிரட்மன் 1948 மார்ச் 27 அன்று கொழும்பில் ஒருநாள் ஆடினார். இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அவுஸ்திரேலிய அணி இறங்கிய ஆட்டம் அது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவம். பிரட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். ஆட்டத்தின்போது அவுஸ்திரேலியருக்கு ஓர் ஐயம் வந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தார்கள். 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது. எண்களை ஒப்பிடுவோர் எல்லோரும் மாறாதது என்று நம்பும் ஒரே அளவு ஆடுகளத்தின் நீளம். அதுவே அன்றைக்கு மாறியிருந்தது.

சதாசிவத்தின் பதிவேட்டைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்கள் 11. ஓட்டங்கள் 753. சராசரி 41.83. இதில் 215 ஓட்டங்கள் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரே இன்னிங்ஸில் வந்தவை. அந்த ஓர் இன்னிங்ஸை நீக்கினால் சராசரி 10 ஓட்டங்களுக்கு மேல் சரிந்துவிடும். சங்கக்காரவின் 134 டெஸ்ட் ஆட்டங்கள், 12,400 ஓட்டங்கள், 57.40 சராசரியில் அவரது மிக உயர்ந்த 319ஐ நீக்கினால் குறைவது ஓர் ஓட்டத்துக்குச் சற்று மேல்தான். 11 ஆட்டங்களின் சராசரியும் 134 ஆட்டங்களின் சராசரியும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் ஒரே பொருள் அல்ல.

சதாசிவம் ஆடியது 11 ஆட்டங்கள்தானா? அல்லவே. தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆடினார். இலங்கைக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். ஆனால் இலங்கையின் உள்நாட்டுப் போட்டிகளுக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது 1988-89இல். இலங்கை டெஸ்ட் நாடானது 1981இல்; முதல் டெஸ்ட் ஆடியது 1982 பெப்ரவரியில். சதாசிவம் 1977இலேயே காலமாகிவிட்டார். அவர் அடித்த ஓட்டங்களில் பெரும்பகுதி அந்தஸ்து இல்லாத ஆட்டங்களில் அடித்தவை. மனைவியின் கொலை வழக்கில் 1951இல் கைதாகி, 1953இல் நிரபராதி என்று விடுதலையாகும்வரை சிறையில் கழிந்த காலத்துக்கும் அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. பிராங்க் வொரலும் கேரி சோபர்ஸும் அவரை வானளாவப் புகழ்ந்ததாக இன்றும் எழுதுகிறார்கள். எண் போதாத இடத்தில் கண்டவரின் சொல் வந்து நிற்கிறது.

இதிலிருந்து நான் பெறும் பாடம் இது. ஒரு சராசரி என்பது ஒருவனின் திறமையை மட்டும் அளப்பதில்லை. அவனுக்கு ஒரு பாடசாலை இருந்தது, மைதானம் இருந்தது, கழகம் இருந்தது, எல்லைக் கோட்டருகே உட்கார்ந்து பென்சிலால் எழுதிய ஒருவர் இருந்தார், அந்தத் தாளைப் பூட்டிவைக்க ஓர் அலுமாரி இருந்தது என்பதற்கெல்லாம் அது சான்று.

1972இல் பிறந்தவர்கள்

இனி முள்ளிவாய்க்காலுக்கு வருவோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், புதுக்குடியிருப்பைக் கடந்தபின், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் அது. 2009க்கு முன் அந்தப் பெயரை மாவட்டத்துக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

முரளிதரன் 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரன். 1977 வன்செயலில் அவரது குடும்பத்தின் தொழிற்கூடமும் தாக்கப்பட்டது. ஆயினும் அவருக்குக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. அதற்கு ஆடுகளமும் பயிற்றுநரும் பருவம் தவறாத போட்டிகளும் இருந்தன. 20 வயதில் டெஸ்ட் அணிக்கு வந்தார்.

அதே 1972இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்த ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். அவன் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அவனுக்கு 11 வயதில் 1983 கலவரம். 18 வயதில், 1990 ஜூனில், இரண்டாம் கட்டப் போர். வன்னிக்கு மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. முரளி கெத்தாராமையில் முதல் டெஸ்ட் ஆடிய 1992 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடிக்கிடந்தது. அது திறந்தது 2002இல். மீண்டும் மூடியது 2006இல். 1996இலும் 1997இலும் வன்னிக்குள்ளேயே இடப்பெயர்வுக்குமேல் இடப்பெயர்வு. 2004 டிசம்பர் 26 அன்று கடலும் ஏறி வந்தது. அவன் வயதையொத்தவர்களில் இயக்கத்தில் தாமாகச் சேர்ந்தவர்களும் உண்டு. பின்னாளில் வலிந்து சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. வன்னி இளைஞர் விளையாடவில்லை என்று எண்ண வேண்டாம். உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் அம்மண்ணின் ஊர்தோறும் நடந்தன, கிரிக்கெட்டும் ஆடினார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் முரளியின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு தாள்கூட நம் கையில் இல்லை.

2009இன் நாட்களை இரண்டு பத்திகளாக எழுதிப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். பெப்ரவரி 4 அன்று, எறிகணைகளுக்கு உள்ளான புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலிருந்து நோயாளிகளும் பணியாளர்களும் வெளியேறினர். மறுநாள், பெப்ரவரி 5 அன்று, கொழும்பில் முரளி ஒருநாள் ஆட்டங்களில் தமது 503ஆவது விக்கெட்டை எடுத்து வசீம் அக்ரமின் சாதனையைக் கடந்தார். அந்த மாதக் கடைசியில் கராச்சி டெஸ்டில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரு முச்சதமும் இரண்டு இரட்டைச் சதங்களும் குவித்தன. மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து சுடப்பட்டது. முரளி அதற்குள் இருந்தார். மே மாத நடுப்பகுதிவரை முள்ளிவாய்க்காலில் ஒரு பாடசாலைக் கட்டடம் மருத்துவமனையாக இயங்கியது. மே 18 அன்று எல்லாம் முடிந்தது. 14 மாதங்கள் கழித்து, 2010 ஜூலை 22 அன்று, காலியில் 800ஆவது விக்கெட் விழுந்தது. உயிர் தப்பிய வன்னி மக்கள் அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் அப்போதும் மூடப்படவில்லை. அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

இந்த இரண்டு பத்திகளுக்கும் முரளிதரன் பொறுப்பாளி என்று நான் சொல்ல வரவில்லை. போரின் முடிவு பற்றி அவர் சொன்னவை நம்மில் பலரைப் புண்படுத்தின. 2020இல் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகும் அளவுக்கு அந்தக் கோபம் வளர்ந்தது. தம் சொற்கள் திரித்துப் பொருள்கொள்ளப்பட்டன என்று முரளி விளக்கம் அளித்தார். வேறொருவர் நடிக்க, ‘800’ என்ற பெயரில் அப்படம் 2023இல் வெளிவந்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது கோபத்தால் 800 என்பது 799 ஆகிவிடாது. 800 என்பதைக் காட்டி அந்தக் கோபத்தைத் தணிக்கவும் முடியாது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

தாளோடு போனவர்கள், தாளே இல்லாதவர்கள்

போர் ஆட்டக்காரரின் ஆண்டுகளைப் பறிப்பது புதிதன்று. பிரட்மன் 1938 ஓகஸ்டுக்குப் பிறகு 1946 நவம்பர்வரை ஒரு டெஸ்டும் ஆடவில்லை. இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி 1943 ஜூலை 31 அன்று இத்தாலியில் போர்க் காயத்தால் இறந்தார். ஆனால் வெரிட்டி 40 டெஸ்ட், 144 விக்கெட், சராசரி 24.37 என்று இன்றும் புத்தகத்தில் நிற்கிறார். அவர் இறந்தார், அவருடைய தாள் இறக்கவில்லை. அதனால்தான் இழந்தது எவ்வளவு என்று இங்கிலாந்துக்காரர் கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது.

வன்னியில் நடந்தது வேறு. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பம் எதைச் சுமக்கும்? பிள்ளைகளைச் சுமக்கும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சுமக்கும். விளையாட்டுக் கழகத்தின் ஸ்கோர்ப் புத்தகத்தையும் கேடயத்தையும் யார் சுமப்பார்? யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ போருக்கிடையிலும் தன் பழங்கணக்கைக் காப்பாற்றிக்கொண்டது. அதற்கு நூறாண்டு கண்ட இரண்டு நிறுவனங்கள் காவலிருந்தன. கரையோரத்து ஊர்க் கழகத்துக்கு அப்படி ஒரு காவல் இருக்கவில்லை.

முள்ளிவாய்க்காலில் எண் பற்றிய பெரிய வழக்கு விளையாட்டு பற்றியதன்று என்பதை நான் மறக்கவில்லை; அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது ஓர் எளிய கழித்தல்: கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059, வெளியே வந்தோர் 282,380, மீதி 146,679 பேர் எங்கே? இன்றுவரை எல்லோரும் ஏற்கும் ஒரு தொகை இல்லை. அந்த ஆயரின் கேள்வியை ஒருவரும் அசைக்க முடியாமல் நிறுத்தியிருப்பது அவருக்கு முன் யாரோ ஒரு எழுதுவினைஞர் கச்சேரியில் உட்கார்ந்து தலைகளை எண்ணி எழுதிவைத்த தாள்தான். எழுதப்பட்டது இருந்ததால் காணாமற்போனதைக் கேட்க முடிந்தது.

அந்தப் பாடத்தை அடக்கமாக நமது சிறிய விடயத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். முரளியா வோர்னா என்ற வழக்கை நம் பிள்ளைகள் நடத்தட்டும். நான் முரளியின் பக்கம், ஆனால் நூலிழை வித்தியாசத்தில். நாம் செய்ய வேண்டிய வேலை வேறு. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் 1970களிலும் 80களிலும் ஆடியவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து உலகெங்கும் சிதறி வாழ்கிறார்கள். கழகத்தின் பெயர், ஆண்டு, மைதானம், யாருடன் ஆட்டம், யார் வென்றார்கள், அணியில் யார் யார் — இவ்வளவையும் ஒரு தாளில் எழுதலாம். ஒருவர் நினைவைத் தனித்திருக்கும் இன்னொருவர் நினைவோடு ஒத்துப் பார்க்கலாம். வன்னியில் அச்சான ‘ஈழநாதம்’, யாழ்ப்பாணத்து ‘உதயன்’, கொழும்பின் ‘வீரகேசரி’, ‘தினக்குரல்’ ஆகியவற்றின் கிடைக்கும் பிரதிகளில் தேடிச் சரிபார்க்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பழைய பாடசாலை மலர்கள் பல உள்ளன; உங்கள் பெட்டியில் கிடக்கும் மலரையும் குழுப்படத்தையும் அங்கு சேர்க்கலாம். நினைவிலிருந்து எழுதியதை நினைவிலிருந்து எழுதியது என்றே குறியுங்கள். ஓட்டங்களின் எண்ணிக்கை நிச்சயமில்லாவிட்டால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள். ஊகத்தை எண்ணாக்கினால் உண்மையான எண்களையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படித் திரளும் தாள்களை வைத்து ஒருவருக்கும் சராசரி கணக்கிட முடியாது. முரளியின் 800க்குப் பக்கத்தில் வைக்க அவை போதமாட்டா. முள்ளிவாய்க்காலில் 2009க்கு முன் ஓர் ஊர் இருந்தது, மாலையில் அங்கே பிள்ளைகள் ஆடினார்கள், அவர்களுக்குப் பெயர் இருந்தது என்று சொல்ல அவை போதும்.